வாங்கும் விலையும் வாழ்நாட் செலவும்

விவசாயத்துக்கு வேண்டிய கருவி ஒன்றை வாங்கக் கடைக்குச் செல்லும் குடியானவர் முதலில் கேட்கும் கேள்வி, "இதன் விலை என்ன?" என்பது. இரண்டாவது கேள்வி, "கடைசி விலை என்ன?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தவுடன் பேரம் முடிந்து, பொருள் வண்டியேறிவிடுகிறது. "இதில் எந்த உறுப்பு முதலில் தேயும்? தேய்ந்தால் அதை மாற்ற யார் வரவேண்டும்? எத்தனை நாள் வேலை நிற்கும்?" என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் ஒரு கருவியால் குடும்பத்துக்கு லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இம்மூன்றாவது கேள்வியே என்பதை எடுத்துக்காட்டுவது இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த வல்லத்திராக்கோட்டையையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். கண்மாய்ப் பாசனம் ஒருபுறமிருக்க, நிலக்கடலை, கரும்பு, வாழை, மலர்ச் செடிகள் முதலியவற்றின் சாகுபடி பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியே நடைபெறுகிறது. பூமிக்கடியில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இறக்கப்பட்டுள்ள நீர்மூழ்கி மோட்டார் ஒரு நாள் நின்றுபோனால், அதை மேலே தூக்குவதற்கு ஆட்களும் தூக்கும் சாதனமும் வாடகைக்கு அமர்த்தப்பட வேண்டும். காயில் கட்டுவதற்கு மோட்டாரைப் பட்டணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பி வரும்வரை காத்திருந்து, மீண்டும் இறக்க வேண்டும். நிலக்கடலை விழுதிறங்கும் பருவத்திலோ, உளுந்து பூத்துக் காய்பிடிக்கும் சமயத்திலோ இவ்விதம் தண்ணீர் தடைப்படுமாயின், மோட்டாருக்குச் செலவான பணத்தைவிட மகசூலில் குறைந்த பணம் அதிகமாகிவிடும். இந்நஷ்டம் எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. ஆகையால் கணக்கிலும் வருவதில்லை.

பழைய கருவிகள் கற்பிக்கும் பாடம்

நம் முன்னோர் கையாண்ட கருவிகளில் குறைகள் பல இருந்தன என்பது உண்மையே. நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை, கீறிச் செல்லவே செய்யும் என்று விவசாய இலாகாவினர் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்திருக்கின்றனர். எனினும் ஒரு குணத்தில் அக்கலப்பைக்கு ஈடில்லை. அதில் விரைவாகத் தேயக்கூடியது கொழு ஒன்றே. அது தேயுந்தோறும் சிறிது முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மழுங்கினால் ஊர்க் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்துக் கொடுத்துவிடுவார். ஏர்க்கால் முறிந்தால் ஊர்த் தச்சர் வேறொன்று செதுக்கித் தருவார். எந்தப் பாகம் கெட்டாலும் அந்தப் பாகம் மட்டுமே மாற்றப்படும். முழுக் கலப்பையை எறிய வேண்டுவதில்லை. கவலை இறைவையும் அவ்வாறே. தோல் வால் கிழிந்தால் தைக்கலாம். வடம் இற்றால் மாற்றலாம். உருளை தேய்ந்தால் கடைந்து கொள்ளலாம். இறைவை அரை நாளுக்கு மேல் நிற்பது அரிது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. 1860ஆம் ஆண்டுகளில் சென்னை கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலிய இயந்திரங்களை வரவழைத்தார். சைதாப்பேட்டையில் சர்க்கார் பண்ணை தோன்றியதும் அக்காலத்திலேயே. அவ்வியந்திரங்கள் வேலை செய்யும் வன்மையுடையவையே. ஆயினும் அவை நாட்டில் பரவவில்லை. நமது மண்ணுக்கும் மாட்டுக்கும், குடியானவரின் முதலுக்கும், ஊர்ப் பட்டறையின் சக்திக்கும் அவை பொருந்தவில்லை. ஒரு கருவி எவ்வளவு வேலை செய்யும் என்பதோடு, அது நின்றுபோகும் நாளில் அதை எழுப்பக்கூடியவர் அருகில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்தே அதன் தகுதியை மதிப்பிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

குமிழித் தூம்பு

பராமரிப்பை முன்னதாகவே எண்ணிச் செய்த வேலைக்குப் புதுக்கோட்டைச் சீமையிலேயே சிறந்த சான்று உள்ளது. இச்சீமையின் கண்மாய்களில் பழங்காலத்துக் குமிழித் தூம்புகள் பல இன்றும் காணப்படுகின்றன. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கண்மாயின் உட்பகுதியில் இரண்டு கல் தூண்கள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களின் கீழே, மூடிய கல் தொட்டியும், அதிலிருந்து கரைக்கடியில் செல்லும் சுருங்கையும் அமைந்திருக்கும். தொட்டியின் மேல் மூடியிலுள்ள துளையை அடைப்புக்கல் கொண்டு மூடுவதும் திறப்பதும் வழக்கம். மேலேயுள்ள துளை நீரோடித் துளை. தரைமட்டத்தை ஒட்டியுள்ள சிறு துளைகள் சேறோடித் துளைகள். மேற்றுளை வழியாகத் தெளிந்த நீர் இறங்கும்போது, கீழ்த்துளைகள் வழியாகத் தூம்பைச் சுற்றியுள்ள வண்டலும் கலங்கி நீரோடு வெளியேறி வயலைச் சென்றடையும்.

இவ்வமைப்பை வகுத்தவர் கண்மாய்க்கு வண்டல் வந்தே தீரும் என்பதை அறிந்திருந்தார். வந்தபின் என்ன செய்வது என்று அவர் பின்னாளுக்கு ஒத்திப்போடவில்லை. தண்ணீர் திறக்கும் ஒவ்வொரு வேளையும் தூம்பு தன்னருகே சேர்ந்த சேற்றைத் தானே ஓரளவு அகற்றிக்கொள்ளும்படி கல்லிலேயே வழி செய்துவைத்தார். துருப்பிடிக்கும் உறுப்பு அதில் ஒன்றுமில்லை. இதனோடு, இரும்புத் திருகு வைத்த மடைப் பலகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணெயிட்டுச் சுற்றிவரும்வரை திருகு மிக நன்று. ஓராண்டு கவனியாது விட்டால் துருவேறி அசையாது. பிறகு கடப்பாறை கொண்டு நெம்புவார்கள், பலகை வளையும், அத்துடன் மடையின் கதை முடிந்தது. திருகு கூடாதென்பது இதன் கருத்தன்று. திருகு வைப்பவர் அதற்கு ஆண்டுதோறும் எண்ணெயிடப் போகிறவர் யார் என்பதையும் அன்றே தீர்மானித்துவிட வேண்டும்.

அடிபம்பின் சரித்திரம்

தற்காலத்தில் இவ்விஷயத்தை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்த பொருள், கிராமத் தெருக்களில் நிற்கும் அடிபம்பேயாகும். 1966-67ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவில் நேர்ந்த கொடிய வறட்சிக்குப் பிறகு, பாறை நிலங்களில் துளைக்கிணறுகள் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டன. அவற்றின்மேல் வைக்கப்பட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். இவை அயல்நாடுகளில் ஒரு குடும்பத்தார் தம் வீட்டு முற்றத்தில் உபயோகிப்பதற்காகச் செய்யப்பட்டவற்றின் நகல்கள். வீட்டுக்கு ஏற்பட்ட பம்பை ஓர் ஊரே விடியற்காலை முதல் இரவுவரை அடித்தால் என்னாகும்? கைப்பிடி ஒடிந்தது, ஊசிகள் தேய்ந்தன, துவாரங்கள் நீள்வட்டமாயின. 1974இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் எடுத்த கணக்கில், நிறுவப்பட்ட பம்புகளில் நான்கில் மூன்று பங்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கிணறு தோண்டிய பெருஞ்செலவு, மேலே வைத்த சிறு பொருளின் குறையால் வீணாகிக் கிடந்தது.

அச்சமயம் மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் செய்யப்பட்ட ஒருவகைப் பம்பு மட்டும் நெடுநாள் உழைத்துவந்தது. அதன் கைப்பிடி ஒரே அச்சில், குண்டு பேரிங்குகளின்மேல் அசைந்தது. கம்பியைச் சங்கிலி ஒன்று நேராக மேலே இழுத்தது. அதை ஆதாரமாகக் கொண்டு, குழந்தைகள் நிதியமும், சென்னையில் தொழிற்சாலையுடைய ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்னும் சர்க்கார் கம்பெனியும், பிற பொறியியல் ஸ்தாபனங்களும் சேர்ந்து புதியதொரு பம்பை வகுத்தன. கோயம்புத்தூர்ப் பகுதிக் கிணறுகளில் பொருத்திச் சோதித்தபின் அது இந்தியா மார்க் இரண்டு என்னும் பெயருடன் வெளிவந்தது. 1979இல் அதற்கு இந்தியத் தரநிர்ணயம் ஏற்பட்டது. இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, அவ்வமைப்புக்கு எவரும் தனியுரிமை கொண்டாடவில்லை. எந்தத் தொழிற்சாலையும் செய்யலாம். மற்றொன்று, அளவுகள் யாவும் ஒரே தரமாக நிர்ணயிக்கப்பட்டதால், ஒரு தொழிற்சாலையின் பேரிங்கும் சங்கிலியும் மற்றொரு தொழிற்சாலையின் பம்பிலும் பொருந்தும். கிராமத்தில் பம்பைக் கவனிப்பவர், ஒன்றியத்தில் மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியுடன் கூடிய பழுதுபார்க்கும் குழு என மூன்று படிகள் கொண்ட ஏற்பாடும் தமிழ்நாட்டில் அக்காலத்திலேயே செய்யப்பட்டது.

ஆனாலும் அப்பம்பில் ஒரு குறை எஞ்சியிருந்தது. மேற்பாகம் கெடுவது குறைந்தது. ஆனால் பூமிக்கடியில் சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாசர்கள் தேய்வது நிற்கவில்லை. சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், அதற்கு மேலேயுள்ள குழாயின் விட்டமோ 32 மில்லிமீட்டர். அகன்ற பிஸ்டன் குறுகிய குழாய் வழியாக மேலே வர முடியாது. ஆகையால் சில ரூபாய் பெறுமான வாசர் ஒன்றை மாற்றுவதற்கு, மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிணற்றிலுள்ள அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டும். இதற்கு நான்கு ஆட்களும், தனிப்பட்ட கருவிகளும், அவற்றை ஏற்றிவர ஒரு வண்டியும் தேவை. வண்டி வரும்வரை ஊரார் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர் பெரும்பாலும் பெண்கள் என்பதும், அவர்கள் அதுவரை எட்டாத் தொலைவிலிருந்து குடம் சுமந்தார்கள் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இக்குறையை நீக்க 1983 முதல் கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே மீண்டும் சோதனைகள் நடைபெற்றன. அதன் பயனாகத் தோன்றிய இந்தியா மார்க் மூன்று என்னும் பம்பில் செய்யப்பட்ட மாறுதல் மிக எளியது. மேற்குழாயின் விட்டம் 65 மில்லிமீட்டராக அகலமாக்கப்பட்டது. இப்போது குழாய்களைத் தொட வேண்டுவதில்லை. கம்பிகளை மட்டும் எடுத்தால் பிஸ்டனும் புட்வால்வும் குழாய்க்குள்ளாகவே மேலே வந்துவிடும். சைக்கிளில் வரும் ஒரு மெக்கானிக், ஊரில் ஒருவரின் துணையோடு, சில மணி நேரத்தில் வாசரை மாற்றிவிட்டுப் போகலாம். தோலுக்குப் பதிலாக நைட்ரில் ரப்பர் வாசர் வைத்ததால் தேய்மானமும் குறைந்தது. 1991இல் இதற்கும் தரநிர்ணயம் ஏற்பட்டது.

அகன்ற குழாய்க்கு விலை அதிகம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எடையும் அதிகமாதலால் ஆழமான கிணறுகளில் முதன்முறை இறக்குவது சிரமமே. உப்பும் புளிப்பும் மிகுந்த நீரில் எந்த இரும்புக் குழாயும் அரிக்கப்படும். எனவே, எல்லா இடத்துக்கும் ஒரே பம்பு என்று சொல்வது தவறாகும். ஆனால் வாங்கும் நாளில் கூடுதலாகக் கொடுக்கும் பணம், ஒவ்வொரு பழுதின்போதும் மிச்சமாகும் ஆட்கூலியாகவும் வண்டிவாடகையாகவும் திரும்பி வருகிறது. விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது.

ஒரு சிறு கணக்கு

மேற்கூறியதைக் குடியானவரின் மோட்டாருக்குப் பொருத்திப் பார்க்கலாம். கீழ்வரும் தொகைகள் கடைவிலையல்ல, விளக்கத்தின்பொருட்டு வைத்துக்கொண்டவை. முதல் மோட்டாரின் விலை 24,000 ரூபாய். இரண்டாவதன் விலை 30,000 ரூபாய். பத்தாண்டுகளில் முதலாவதை ஆறு தடவையும், இரண்டாவதை மூன்று தடவையும் மேலே எடுத்துப் பழுதுபார்க்க நேர்கிறதென்றும், தூக்கி இறக்குங் கூலி உட்பட ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் ஆகிறதென்றும் கொள்வோம். முதலாவதற்கு மொத்தச் செலவு 54,000 ரூபாய். இரண்டாவதற்கு 45,000 ரூபாய். வாங்கும்போது 6,000 ரூபாய் மலிவாயிருந்தது, முடிவில் 9,000 ரூபாய் கூடுதலாகிவிட்டது. இஃதன்றி, ஒவ்வொரு பழுதுக்கும் ஐந்து நாள் இறைவை நின்றதென்றால், முதலாவதில் முப்பது நாளும் இரண்டாவதில் பதினைந்து நாளும் வயல் காய்ந்திருக்கும். அந்தப் பதினைந்து நாள் வித்தியாசம் எந்தப் பருவத்தில் வந்து விழும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கருவி வாங்கிய தேதி, விலை, பழுதான தேதி, கெட்ட உறுப்பு, செலவு, வேலை நின்ற நாட்கள் ஆகிய ஆறு விவரங்களைக் குறித்துவந்தால், மூன்றாண்டுகளில் எந்தக் கருவி சிக்கனமானது என்று பிறரைக் கேட்க வேண்டியிராது.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

"கையில் இருக்கும் பணத்துக்குத்தானே வாங்க முடியும்?" என்பர் சிலர். இது நியாயமான ஆட்சேபமே. ஆயினும் நல்ல கருவி எப்பொழுதும் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரே விலையுள்ள இரண்டு கருவிகளில் ஒன்றன் மூடியை நான்கு போல்ட்டுகளைக் கழற்றித் திறக்கலாம். மற்றொன்றன் மூடி ஒட்டவைத்துத் திறக்க முடியாததாக இருக்கும். ஒன்றுக்கு எங்கும் கிடைக்கும் பேரிங். மற்றொன்றுக்கு அந்தக் கம்பெனியாரிடம் மட்டுமே கிடைக்கும் பேரிங். இவ்வேற்றுமைகளைக் காண்பதற்குப் பணம் வேண்டுவதில்லை. வாங்குமுன் ஒரு நாழிகை நின்று பார்த்தல் போதும்.

"புதிதாக வாங்குவதே மேல், பழுதுபார்ப்பானேன்?" என்பர் வேறு சிலர். நகரத்தில் ஒருவேளை இது செல்லலாம். நடவுக்கும் அறுவடைக்கும் நாள் குறித்திருக்கும் கிராமத்தில், புதிது வந்து சேரும்வரை பயிர் காத்திராது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரமின்றி மோட்டார்கள் பயனற்றிருந்த அந்நாட்களில், ஊரில் நல்ல நிலையில் ஓர் அடிபம்பு இருந்ததா இல்லையா என்பது சிறு விஷயமாக இருக்கவில்லை. 2019 முதல் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் வீடுதோறும் குழாய் வந்தபிறகு அடிபம்பு எதற்கு என்று அதைக் கைவிட்டுவிடுவது விவேகமாகாது.

விதைத் தேர்வில் நம் விவசாயிகள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர்கள். வல்லத்திராக்கோட்டைக்கு அண்மையிலுள்ள வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையத்தார் உளுந்தில் புதிய ரகங்களை வெளியிடும்போது, மகசூல் எவ்வளவு என்பதோடு, மஞ்சள் தேமல் நோயைத் தாங்குமா என்பதையும் குடியானவர் தவறாமல் கேட்கின்றனர். நோய் கண்டபின் மருந்துக்கும் ஆட்கூலிக்கும் செலவிடுவதினும், நோயைத் தாங்கும் குணத்தை விதையிலேயே பெறுவது சிக்கனம் என்பது அவர்கள் அனுபவம். கருவிக்கும் அதுவே விதி. எளிதில் பழுதுபார்க்கும் குணம் பட்டறையில் வகுக்கும்போதே அமைய வேண்டும். வயலில் வந்தபின் அதைப் புகுத்த இயலாது. விதைக்குக் கேட்கும் கேள்வியை மோட்டாருக்குக் கேளாமல் விடுவானேன்?

செய்யத்தக்கவை

கருவி வாங்கும் மிராசுதார்களும் குடியானவர்களும் பின்வருவனவற்றை நினைவில் வைத்தல் நலம்:

1. விரைவில் தேயும் உறுப்புகள் எவை என்று விற்பவரையே கேட்டு, அவற்றைத் தம் கண்முன் கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லவேண்டும். காட்டத் தயங்கும் பொருளை வாங்கத் தயங்குவதே முறை.

2. அவ்வுறுப்புகள் ஆலங்குடியிலோ புதுக்கோட்டையிலோ கிடைக்குமா, இன்றைய விலை என்ன என்று விசாரிக்கவேண்டும்.

3. பெட்டியில் சாதாரணமாக உள்ள ஸ்பானர்களால் கழற்றக்கூடியதையே விரும்பவேண்டும்.

4. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஒரே மாதிரிக் கருவியை வாங்கினால், உதிரி உறுப்புகளைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய அனுபவம் மற்றவருக்கும் உதவும்.

5. கருவியோடு ஒரு தொகுதி வாசர், பேரிங் முதலியவற்றையும் அன்றே வாங்கி, நனையாத இடத்தில் வைக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் செய்யத்தக்கவை வேறு. ஊர்ப் பணத்தில் பம்பு, மோட்டார், வால்வு முதலியவற்றை வாங்கும்போது, குறைந்த விலைப்புள்ளியைத் தேடுமுன், தங்களுக்கு வேண்டிய பொருளின் விவரத்தைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். தரநிர்ணய முத்திரை, உதிரி உறுப்புகள் இத்தனை ஆண்டு கிடைக்குமென்ற உறுதி, உள்ளூர் ஆள் ஒருவருக்குப் பயிற்சி ஆகிய மூன்றும் அவ்விவரத்தில் இடம்பெறட்டும். இவ்வாறு எழுதாமல் விலையை மட்டும் கேட்டால், நல்ல பொருளைச் செய்பவர் போட்டியில் தோற்பார். அவரைத் தோற்கச் செய்தவர்கள் நாமே ஆவோம். ஒவ்வோர் ஊரிலும் கொல்லர் பட்டறையிலோ சைக்கிள் கடையிலோ கைத்திறனுள்ள ஓர் இளைஞர் இருப்பார். அவருக்குக் கருவிப்பெட்டி ஒன்றும், செய்த வேலைக்கு உடனுக்குடன் கூலியும் கொடுத்தால், ஊர் பட்டணத்து வண்டியை எதிர்பார்த்துக் காத்திருக்க நேராது.

கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையார்மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதையே அவர்கள் செய்கின்றனர். பளபளப்பையும் குறைந்த விலையையும் கேட்டால் அவையிரண்டுமே கிடைக்கும். எளிதில் திறக்கும் மூடியையும், எங்கும் கிடைக்கும் பேரிங்கையும், பத்தாண்டு உழைப்பையும் கேட்கத் தொடங்கினால், அவற்றைச் செய்து கொடுக்கவும் அவர்களுக்குத் திறமை உண்டு. கோயம்புத்தூர்க் கிணறுகளில் ஒரு குழாயின் விட்டத்தை அகலமாக்கியவர்கள் இந்நாட்டுப் பட்டறைகளில் உள்ளவர்களோடு கலந்தே அதைச் செய்தார்கள்.

அடுத்த பட்டத்துக்கு முன் மோட்டாரோ பம்போ வாங்க எண்ணியிருக்கும் விவசாயிகள், விலையைக் கேட்டபின் அம்மூன்றாவது கேள்வியையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக. விற்பவர் சொல்லும் விடையிலிருந்தே அப்பொருளின் உண்மை விலை அவர்களுக்கு விளங்கிவிடும்.